சீலியாக் நோயும் முதுகு வலியும்: எதை முதலில் பார்ப்பது, எதை எப்போது செய்வது

சாப்பாட்டிலிருந்து கால்சியத்தை முனைந்து உறிஞ்சும் இடம் சிறுகுடலின் முதல் ஒரு சாண். சீலியாக் நோய் முதலில் சேதப்படுத்துவதும் அதே ஒரு சாணைத்தான். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைப் பார்த்ததும் உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் குடலையே தாக்குகிறது. குடலின் உள்சுவரில் இருக்கும் விரல் போன்ற உறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. கால்சியமும் வைட்டமின் டியும் உள்ளே போவது குறைகிறது. இரத்தத்தில் கால்சியம் இறங்காமல் இருக்க, பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுக்கிறது. உள்ளே பஞ்சுபோல் துளைகள் நிறைந்த எலும்புதான் இதில் சீக்கிரம் கரையும். முள்ளெலும்புகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. அதனால்தான் வயிற்று நோய் முதுகில் வந்து நிற்கிறது.

அதற்காகச் சீலியாக் உள்ளவரின் முதுகு வலி எல்லாவற்றையும் சீலியாக்கின் தலையில் கட்டக் கூடாது. சாதாரணத் தசைப்பிடிப்பும் டிஸ்க் தொல்லையும் இவர்களுக்கும் வரும். எந்த வகை வலி என்று பிரித்தறிவதும், செய்ய வேண்டியதைச் சரியான வரிசையில் செய்வதும்தான் பாதி வைத்தியம். வரிசை மாறினால் நல்ல மருந்தே கெடுதல் செய்யும். எங்கெங்கே என்பது கீழே வரும்.

முதல் படி: காத்திருக்கக் கூடாத வலி

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

- சிறுநீர் வர மறுப்பது, அல்லது சிறுநீரோ மலமோ தெரியாமலே கசிவது. சைக்கிள் சீட்டில் உட்காரும் இடம் மரத்துப்போவது. இரண்டு கால்களும் ஒருசேரப் பலவீனமாவது. நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறி இது. இங்கே மணிக்கணக்குதான் கணக்கு.
- காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவுடன் வலி. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் அரிதல்ல. எடை குறைவைச் சீலியாக்கின் கணக்கில் எழுதிவிட்டு இதைக் கோட்டைவிடுவது உண்டு.
- குனிந்து ஒரு குடத்தைத் தூக்கியதும், தும்மியதும், பைக் வேகத்தடையில் குலுங்கியதும் நடுமுதுகில் சுருக்கென்று பிடித்த வலி. எலும்பு மெலிந்தவருக்கு முள்ளெலும்பு நசுங்க அவ்வளவே போதும்.
- விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கி, எந்த நிலையிலும் படுக்கவிடாமல் அலைக்கழிக்கும் வலி. இது முதுகல்ல, சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாதபோது உணவிலுள்ள ஆக்ஸலேட் என்ற உப்பு அதிகமாக இரத்தத்தில் சேர்வதால், சீலியாக் உள்ளவருக்குக் கல் உருவாகும் வாய்ப்பு கூடுதல்.

இரண்டாம் படி: கோதுமையை நிறுத்துவதற்கு முன்

அதிகம் நடக்கும் தவறு இதுதான். யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை விட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போவது. குளூட்டன் நின்றதும் எதிர்ப்புப் புரதங்கள் இறங்கத் தொடங்கும், குடலும் ஆறத் தொடங்கும். பரிசோதனை பொய்யாக ‘இல்லை’ என்று வரும். ஏற்கெனவே நிறுத்திவிட்டவர் மருத்துவர் மேற்பார்வையில் நாளுக்கு இரண்டு சப்பாத்தி அளவாவது ஆறிலிருந்து எட்டு வாரம் சாப்பிட்டுவிட்டுத்தான் சோதிக்க வேண்டியிருக்கும்.

இரத்தத்தில் டிடிஜி-ஐஜிஏ என்ற பரிசோதனையும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவும் சேர்த்துக் கேளுங்கள். சீலியாக் உள்ளவர்களில் சுமார் ஐம்பதில் ஒருவருக்கு ஐஜிஏவே சுரக்காது. அவருக்கு முதல் பரிசோதனை மட்டும் பார்த்தால் நோய் தப்பிவிடும். அடுத்தது எண்டோஸ்கோப்பி. முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியிலிருந்து நான்கு துணுக்கும் தொடக்கத்திலிருந்து ஒன்றிரண்டும் எடுக்க வேண்டும். சேதம் திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் ஒரே ஒரு துணுக்கு போதாது.

தமிழ்நாட்டில் இது தாமதமாகப் பிடிபடுவதற்குக் காரணம் உண்டு. 2016இல் வெளியான, இந்தியாவின் மூன்று பகுதிகளை ஒப்பிட்ட ஆய்வில், வடக்கே சுமார் நூறு பேரில் ஒருவருக்கு இருந்த நோய் தெற்கே பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருந்தது. ஆனால் இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு எல்லாப் பகுதியிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது. வித்தியாசம் தட்டில்தான்: வடக்கே நாளுக்கு 400 கிராமுக்கு மேல் கோதுமை, தெற்கே சுமார் 25 கிராம். இப்போது இரவுக்குச் சப்பாத்தியும் வாரக்கடைசிக்குப் பரோட்டாவும் நம் வீடுகளில் நிலைத்துவிட்டன. ஆனால் இரத்தசோகையும் முதுகு வலியும் சேர்ந்து வரும் ஒருவரிடம் ‘சீலியாக் பார்த்தீர்களா’ என்று கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. வயிற்றுப்போக்கு இல்லையே என்று ஒதுக்காதீர்கள். பெரியவர்களில் பலருக்கு மலச்சிக்கல்தான் இருக்கும்.

மூன்றாம் படி: இது எந்த வலி?

நான்கு வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

*எலும்பு வலி.* இதில் இரண்டு உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்து. எலும்புப்புரை என்பது எலும்பின் அளவே குறைவது. முறிவு வரும் வரை வலிக்காது. ஆஸ்டியோமலேசியா என்பது எலும்பு இருந்தும் அதில் தாது ஏறாமல் மென்மையாக இருப்பது. இது சும்மா இருக்கும்போதே மந்தமாக வலிக்கும். கால்முன் எலும்பையோ நெஞ்செலும்பையோ விரலால் அழுத்தினால் நோகும். தொடைத் தசை சோர்ந்து, தரையிலிருந்து எழ முழங்காலில் கையூன்ற வேண்டிவரும்; நடை வாத்துநடையாக ஆடும். எலும்பு அடர்த்தி ஸ்கேனில் இரண்டும் ‘குறைவு’ என்றே தெரியும். பிரித்துக்காட்டுவது இரத்தப் பரிசோதனைதான்: ஆஸ்டியோமலேசியாவில் பொதுவாக ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ஏறியும் வைட்டமின் டி மிகத் தாழ்ந்தும் இருக்கும்.

வீட்டிலேயே செய்ய ஒரு சோதனை: சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்டி நேராக நில்லுங்கள். தலையின் பின்புறம் சுவரைத் தொடவில்லை என்றாலோ, இளவயதில் இருந்த உயரத்தில் 4 செ.மீ. குறைந்திருந்தாலோ, வலி இல்லாவிட்டாலும் முதுகுக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நசுங்கிய முள்ளெலும்புகளில் பெரும்பகுதி சத்தமில்லாமல் நசுங்கியவை.

*அழற்சி வலி.* நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்கு முன் மெல்லத் தொடங்கும். காலையில் அரை மணிக்கு மேல் இறுக்கம், பின்னிரவில் விழிப்பு, ஓய்வெடுத்தால் கூடி நடமாடினால் குறைவது, பிட்டம் மாறி மாறி வலிப்பது. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டில் அழற்சி இருக்கலாம். இதற்கு மூட்டு வாத நிபுணரும், அந்த மூட்டுக்கான எம்ஆர்ஐயும், எச்எல்ஏ-பி27 என்ற மரபணுப் பரிசோதனையும் தேவை. உணவுக் கட்டுப்பாடு மட்டும் இதை அடக்கிவிடும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது.

*நரம்பு வலி.* டிஸ்க் அழுத்தினால் வலி ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே மின்சாரம்போல் ஓடும். இரண்டு பாதங்களும் ஒருசேர எரிந்து மரத்து, முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடினால் அது டிஸ்க்கின் வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு. பி12 குறைவையும் தாமிரக் குறைவையும் பாருங்கள். இரண்டுமே சீலியாக்கில் வரக்கூடியவை, இரண்டுமே தண்டுவடத்தின் பின்பகுதியைக் கெடுப்பவை. முடி கொட்டுகிறது என்று மாதக்கணக்கில் துத்தநாக மாத்திரை போடுபவருக்குத் தாமிரம் இன்னும் இறங்கும்.

*இயந்திர வலி.* தசை, தசைநார், டிஸ்க் தேய்மானம். உழைத்தால் கூடும், படுத்தால் குறையும். பெரும்பாலானோருக்கு இதுதான்.

எம்ஆர்ஐ அறிக்கையில் ‘டிஸ்க் தேய்மானம்’ என்ற வரியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். வலியே இல்லாதவர்களைப் படமெடுத்த ஆய்வுகளில் இருபது வயதினரில் 37 சதவீதத்துக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்துக்கும் அது இருந்தது. படமும் வலியும் ஒத்துப்போனால்தான் அதற்குப் பொருள்.

நான்காம் படி: ஒரே தடவையில் எடுக்க வேண்டியவை

கால்சியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்படேஸ், மெக்னீசியம், 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், கிரியாட்டினின், முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், தைராய்டு. நரம்பு அறிகுறி இருந்தால் தாமிரம். கூடவே எலும்பு அடர்த்தி காட்டும் டெக்ஸா ஸ்கேன். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஐம்பது வயது கடந்த ஆண்களுக்கும் டி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிட்ட எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் எலும்புப்புரை. அதைவிட இளையவர்களுக்கு இசட்-ஸ்கோரை (அதே வயதினரோடு ஒப்பிட்ட எண்) பார்க்க வேண்டும். முள்ளெலும்பு ஏற்கெனவே நசுங்கியிருந்தால் ஸ்கேன் அந்த இடத்தை அடர்த்தியாகக் காட்டி ஏமாற்றும். எக்ஸ்ரேயையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: நம் சமையலறையில் ஒளிந்திருக்கும் கோதுமை

சப்பாத்தி, பூரி, பரோட்டா, ரவை, சேமியா, மைதா, ரஸ்க், பிஸ்கட், கோதுமைப்பால் அல்வா ஆகியவற்றை விடுவது எவருக்கும் தெரியும். பார்லி மால்ட் கலந்த சத்து பானங்களும், சோயா சாஸும், பீரும் அடுத்தது. ஓட்ஸ் தனி விஷயம்; குளூட்டன் இல்லை என்று சான்றளித்த பொட்டலமாக இருந்தாலும் முதல் சில மாதம் வேண்டாம்.

பலரும் பயப்படுவது பெருங்காயத்துக்கு. கடையில் கிடைப்பது கூட்டுப் பெருங்காயம். பிசினுடன் மைதாவோ அரிசி மாவோ சேர்த்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிட்டிகை கால் கிராம், அதில் பாதி மைதா, மைதாவில் சுமார் எட்டு சதவீதம் குளூட்டன் என்றால் மொத்தப் பானைக்கு 10 மி.கி. அதை நால்வர் பங்கிடுகிறார்கள். நாளுக்கு 10 மி.கி.க்குள் இருந்தால் பெரும்பாலோருக்குக் குடல் கெடுவதில்லை, 50 மி.கி. கெடுக்கும். ஆனால் சாம்பார், ரசம், மோர், பொடி, ஊறுகாய் என்று எல்லாவற்றிலும் அது விழுவதால், பொருட்பட்டியலில் அரிசி மாவு என்று இருப்பதை வாங்குவது சுலபமான தீர்வு. மாற்ற எளிது, மாற்றிவிடுங்கள். அதைப் பற்றித் தூக்கம் கெட வேண்டியதில்லை.

தூக்கம் கெட வேண்டியது மாவு மில்லுக்கு. 5 கிலோ கேழ்வரகு அரைக்கக் கொடுக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் அரைத்தவரின் கோதுமை மாவு வெறும் 50 கிராம் மெஷினில் தங்கியிருந்தது என்று வையுங்கள். உங்கள் மாவில் கிலோவுக்கு 10 கிராம் கோதுமை, அதாவது சுமார் 800 மி.கி. குளூட்டன். ‘குளூட்டன் இல்லாதது’ என்று பொட்டலத்தில் போட இந்திய உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மி.கி. நாற்பது மடங்கு! சத்தான கேழ்வரகுக் கூழே நோயைக் கிளப்புவது இப்படித்தான். தானியத்தைக் கல், கோதுமை மணி பொறுக்கிக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலியுங்கள். மில்தான் வழி என்றால் கோதுமையே அரைக்காத மெஷினைத் தேடுங்கள். முதலில் இரண்டு கிலோ அரிசி அரைத்து அதை மற்றவருக்குக் கொடுத்துவிடுவது ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. ‘ராகி சேமியா’ பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள்; பலவற்றில் கோதுமையோ மைதாவோ இருக்கும்.

வீட்டில் மற்றவர் சப்பாத்தி சாப்பிட்டால் பலகை, குழவி, சல்லடை, மரக்கரண்டி தனியாக இருக்கட்டும். சல்லடையைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது. தோசைக்கல் பொதுவானால் உங்கள் தோசை முதலில். ஓட்டலில் இட்லி, வெள்ளைச் சோறு, தயிர் பரவாயில்லை. தோசைக்கு ரவா தோசை வார்த்த கல்லா என்றும், வடைக்குப் பூரி பொரித்த எண்ணெயா என்றும், சாம்பாருக்கு மாவு கரைத்துவிட்டார்களா என்றும் கேளுங்கள். கோவிலில் கொடுக்கும் ரவா கேசரியும், தேவாலயத்தில் நற்கருணை அப்பமும் குளூட்டன்தான்.

ஒரு சந்தேகம் அடிக்கடி வரும்: முதுகுக்குக் கோதுமைத் தவிட்டு ஒத்தடம் கொடுக்கலாமா? தோல் வழியாகக் குளூட்டன் குடலுக்குப் போகாது. வறுக்கும்போது பறக்கும் தூசி வாயில் போகும், கை கழுவாமல் சாப்பிட்டாலும் போகும். கல்லுப்பு ஒத்தடமோ வெந்நீர்ப் பையோ போதுமே.

ஆறாம் படி: எலும்புக்குத் தீனி

பெரியவருக்கு நாளுக்கு 1000 மி.கி. கால்சியம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. ஒரு நாளின் கணக்கு இப்படி வரும்: தயிரோ பாலோ 200 மி.லி. வீதம் இரண்டு தடவை, 480 மி.கி. கேழ்வரகு 60 கிராம், சுமார் 210. முருங்கைக்கீரை 50 கிராம், 150 ஒட்டி. மொத்தம் 840. மீதியைத்தான் மாத்திரை நிரப்ப வேண்டும். கேழ்வரகில் இருக்கும் ஃபைட்டேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைகட்டினாலோ புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினாலோ அது குறையும். நோய் கண்டறிந்த புதிதில் பால் குடித்தால் வயிறு உப்பலாம். உறிஞ்சிகள் தேய்ந்ததால் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்திருக்கிறது. குடல் ஆறும் வரை தயிர். குடல் ஆறியதும் பலருக்குப் பால் திரும்ப ஒத்துக்கொள்ளும்.

மாத்திரைப் பெட்டியில் ‘1250 மி.கி. கால்சியம் கார்பனேட்’ என்றிருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500 மி.கி. ஒரு வேளைக்கு அதற்குமேல் குடல் நன்றாக எடுத்துக்கொள்ளாது. கார்பனேட்டைச் சாப்பாட்டுடன் போடுங்கள். ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்துவைப்பதால் கல் வராமலும் உதவும். அமிலம் குறைக்கும் மாத்திரை தினமும் போடுபவருக்குச் சிட்ரேட் வகை நல்லது. தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரமும் இரும்பு மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரமும் தள்ளி வையுங்கள். காலையில் எல்லாவற்றையும் ஒரே கையில் கொட்டி விழுங்குவதால் எதுவும் ஏறாமல் போவது மிகச் சாதாரணம்.

வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 20 நானோகிராமுக்குக் கீழ் என்றால் குறைவு. வழக்கமாக 60,000 யூனிட் வாரம் ஒன்றாக எட்டு வாரம் எழுதுவார்கள். குடல் ஆறாதவருக்கு அது போதாமல் போகலாம் என்பதால் மூன்று மாதத்தில் திரும்பப் பரிசோதித்து மருத்துவர் அளவை மாற்ற வேண்டும். கொழுப்புள்ள சாப்பாட்டுடன் போடுங்கள். எட்டு வாரம் முடிந்தும் அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்குவது தப்பு: தாகம், குமட்டல், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல் வந்தால் கால்சியம் ஏறிவிட்டதா என்று பாருங்கள். வெயிலில் தோல் தயாரிக்கும் வைட்டமின் டிக்குக் குடலின் தயவு தேவையில்லை. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே கை, கால் படும்படி கொஞ்ச நேரம் நிற்பது இவர்களுக்குக் கூடுதல் லாபம். கடுமையான குறைவுக்கு அது மட்டும் போதாது.

வரிசை மாறக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னது முக்கியமாக இங்கேதான். எலும்புப்புரைக்கான பிஸ்பாஸ்பொனேட் மருந்தை, வைட்டமின் டியும் கால்சியமும் தாழ்ந்திருக்கும்போது தொடங்கினால் இரத்தத்தில் கால்சியம் சரிந்து கை, கால் இழுக்கும். முதலில் நிரப்பு, பிறகு மருந்து. வார மாத்திரையானால் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கி அரை மணி நேரம் நிமிர்ந்திருக்க வேண்டும். முதுகு முறிவால் உட்கார முடியாதவருக்கும் குடல் சரியாக உறிஞ்சாதவருக்கும் ஆண்டுக்கொரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் பொருத்தம்.

ஏழாம் படி: வலி மருந்து

பாரசிட்டமால் முதலில், 500 அல்லது 650 மி.கி., நாளுக்கு 3 கிராமுக்கு மேல் போகாமல். கல்லீரல் நோய் உள்ளவர் இதற்கும் மருத்துவரைக் கேட்க வேண்டும். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், இபுபுரூபன் வகை மாத்திரைகள் இரைப்பையை மட்டுமல்ல, சிறுகுடலையும் புண்ணாக்கும். ஆறிக்கொண்டிருக்கும் குடலில் அது வேண்டாத வேலை. இரத்தசோகையும் இருந்தால் இன்னும் மோசம். மருத்துவர் சொன்ன சில நாளோடு நிறுத்துங்கள். அழற்சி வலிக்கு மட்டும் இவையே முதல் மருந்து. அங்கே லாப நட்டத்தை மூட்டு வாத நிபுணரும் குடல் நிபுணரும் சேர்ந்து எடைபோட வேண்டும். வலிக்குப் போடும் ஊசி எதுவென்று கேளுங்கள். அடிக்கடி போடும் ஸ்டீராய்டு எலும்பை மேலும் அரிக்கும். டிரமடால் மலச்சிக்கலைக் கூட்டும். முக்குவது டிஸ்க்கின் அழுத்தத்தை ஏற்றும். மாத்திரைகளில் சேர்க்கும் மாவுப்பொருள் பெரும்பாலும் சோளம் அல்லது உருளைக்கிழங்கு. கோதுமை அரிது, ஆனாலும் மருந்துக்கடையில் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

முதுகில் ஏறி மிதிப்பதும், சுளுக்கு எடுக்க முறுக்குவதும், எலும்பு அடர்த்தி எவ்வளவு என்று தெரியும் வரை வேண்டவே வேண்டாம்.

எட்டாம் படி: அசைவு

முறிவு இருந்தாலும் படுக்கை சில நாள்தான். படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் கரையும். முறிவு ஆற ஆறு முதல் பன்னிரண்டு வாரம். பெல்ட் அந்தக் காலத்துக்கு மட்டும். படுக்கையிலிருந்து எழும்போது மொத்த உடம்பையும் மரக்கட்டைபோல் ஒருக்களித்து, கால்களைத் தொங்கவிட்டு, கையூன்றி எழுங்கள்.

எலும்பு மெலிந்தவர் முன்னால் குனியும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்: பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தாசனம், ஹலாசனம், படுத்து எழும் பயிற்சி. 1984இல் மேயோ கிளினிக் வெளியிட்ட ஆய்வில் முன்குனியும் பயிற்சி செய்த பெண்களுக்குப் புதிய முறிவுகள் மிக அதிகமாக வந்தன; முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தியவர்களுக்கு மிகக் குறைவு. குனிந்து கோலம் போடுவதும், கிரைண்டர் கல்லைத் தரையிலிருந்து தூக்குவதும் அதே குனிதல்தான். கிரைண்டரை மேடையில் வையுங்கள்; குடத்தைப் பாதி நிரப்பி இரண்டு நடை நடங்கள்.

செய்யத்தக்கவை, முறிவு ஆறி பிசியோதெரபிஸ்ட் சம்மதித்த பிறகு:

- நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருதல், 10 தடவை, இரண்டு சுற்று.
- மல்லாந்து முழங்கால் மடக்கி இடுப்பை உயர்த்தி 5 வினாடி நிறுத்துதல், 10 தடவை.
- தவழும் நிலையில் ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டி 5 வினாடி, பக்கத்துக்கு 8.
- குப்புறப் படுத்து, கையூன்றாமல் நெஞ்சை இரண்டு விரற்கடை மட்டும் தூக்குதல், 8 தடவை.
- நடை: காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

செய்து முடித்த மறுநாள் வலி முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம்.

ஒன்பதாம் படி: திரும்பப் பார்ப்பது

டிடிஜி-ஐஜிஏவை ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் பாருங்கள். இறங்காவிட்டால் எங்கோ குளூட்டன் கசிகிறது. மில்லிலிருந்து தேடத் தொடங்குங்கள். இறங்கிவிட்டால் குடல் முழுதாக ஆறிவிட்டது என்று பொருளல்ல. பெரியவர்களுக்கு அதற்கு ஆண்டுகள் பிடிக்கலாம். எலும்பு அடர்த்தி முதல் ஆண்டில்தான் வேகமாக ஏறும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முழுதாகத் திரும்பும், பெரியவர்களுக்கு ஓரளவு. டெக்ஸாவை ஒன்று அல்லது இரண்டு ஆண்டு கழித்து, முடிந்தால் அதே மெஷினில் எடுங்கள். வேறு மெஷினின் எண்ணோடு ஒப்பிட முடியாது.

ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, காலை இறுக்கம் எத்தனை நிமிடம், மலம் போயிற்றா, வெளியில் சாப்பிட்டீர்களா. தவறிக் குளூட்டன் உள்ளே போன மறுநாள் வயிறு உப்பி இடுப்பு வலிப்பது எலும்பு மோசமானதற்கு அடையாளமல்ல. இரண்டு மூன்று நாளில் அடங்க வேண்டும். அடங்காமல் ஒரே முள்ளெலும்பைத் தட்டினால் நோகிறது என்றால், நோட்டை எடுத்துக்கொண்டு எக்ஸ்ரேக்குப் போங்கள்.